பருத்த டயர்ச் சைக்கிள்

வண்டியொன்று தன்மேல் ஏற்றிய பாரத்தைத் தாங்கினால் மட்டும் போதாது. அது செல்லும் நிலமும் அவ்வண்டியைத் தாங்குதல் வேண்டும். கல் பாவிய சாலையில் இலேசாக உருண்டு வந்த மாட்டுவண்டி, ஆற்று மணலில் இறங்கிய மாத்திரத்தில் ஆரக்கால் பாதிவரை புதைந்து நிற்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவ்வேளையில் மாட்டை அடிப்பதனால் விளையும் பயன் யாது? குற்றம் மாட்டினுடையதன்று, சக்கரம் குறுகியது, மணலோ இளகியது. குதிரையின் குளம்பு புதையும் பாலையில் ஒட்டகத்தின் அகன்ற அடி புதையாது செல்வதும் இக்காரணம் பற்றியே. இவ்வுண்மையைச் சைக்கிளுக்குப் பொருத்திப் பார்த்ததன் பயனாகத் தோன்றியதே 'பாட் பைக்' என இக்காலத்தில் வழங்கும் பருத்த டயர்ச் சைக்கிள். அதன் வரலாற்றையும், அதனைத் தெரிந்தெடுக்கும் முறையையும், அதில் ஏறிச் செல்லும் வகையையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

1888-ஆம் ஆண்டில் டன்லப் என்பார் காற்றடைத்த டயருக்கு உரிமைப் பத்திரம் பெற்ற பின்னர், சைக்கிள் செய்வோர் பெரும்பாலும் நல்ல சாலையையே மனத்திற் கொண்டு டயரைக் குறுக்கிக்கொண்டும், அதனுள் காற்றை மேலும் மேலும் அழுத்திக்கொண்டும் வந்தனர். ஆனால் உலகில் எல்லாவிடங்களிலும் சாலையில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகோடியிலுள்ள அலாஸ்காவில் ஆண்டின் பெரும்பகுதி நிலம் பனியால் மூடப்பட்டுக் கிடக்கும். நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகள் செல்லும் இடிடராட் என்னும் தடத்தில் 1987-ஆம் ஆண்டில் 200 மைல் தூரச் சைக்கிள் பந்தயமொன்று தொடங்கப்பெற்றது. அதிற் கலந்துகொண்டோர் சைக்கிளின்மேல் அமர்ந்து சென்ற நேரத்தோடு, அதனைத் தள்ளிக்கொண்டு நடந்த நேரமும் மிகுதி. சாதாரண டயர் பனியை அறுத்துக்கொண்டு உள்ளே சென்றது.

இத்தொல்லையே புதுமைக்கு வித்தாயிற்று. இரண்டு ரிம்களை ஒன்றோடொன்று பக்கவாட்டில் இணைத்து அகன்ற ரிம்மாக ஆக்கிப் பார்த்தனர் சிலர். பேர்பாங்க்ஸ் நகரில் சைக்கிள் தொழில் நடத்திய சைமன் ரேக்கோவர் என்பார் 44 மில்லிமீட்டர் அகலமுள்ள 'ஸ்னோகேட்' என்னும் ரிம்மை வெளியிட்டார். பனிநாட்டிற்கு நெடுந்தொலைவிலுள்ள நியூ மெக்ஸிக்கோ மாகாணத்திலோ, ரே மோலினா என்பார் பாலைவன மணலிற் செல்வதற்கென அகன்ற ரிம்களையும் டயர்களையும் செய்வித்தார். பனியும் மணலும் வெவ்வேறாயினும் அவை விடுத்த வினா ஒன்றே. ஆகவே விடையும் ஒன்றேயாயிற்று. 2005-ஆம் ஆண்டில் மின்னெஸோட்டா மாகாணத்தைச் சேர்ந்த ஸர்லி கம்பெனியார் 3.7 அங்குல டயரோடு கூடிய 'பக்ஸ்லி' என்னும் வண்டிச் சட்டத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பின்னர், கைத்தொழிலாளர் சிலரிடம் மட்டும் கிடைத்துவந்த இவ்வகைச் சைக்கிள் பொதுமக்களுக்கும் எட்டுவதாயிற்று.

இனி, இதன் தத்துவத்தைக் காண்போம். சைக்கிளும், ஏறுபவரும், மூட்டையும் சேர்ந்து 200 ராத்தல் நிறை என்று கொள்வோம். அதில் 120 ராத்தல் பின்சக்கரத்தின்மேல் விழுகின்றது என்க. டயரினுள் சதுர அங்குலத்திற்கு 60 ராத்தல் அழுத்தம் இருப்பின், நிலத்தைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 2 சதுர அங்குலம். அழுத்தம் 6 ராத்தலாயின் அப்பரப்பு ஏறக்குறைய 20 சதுர அங்குலம். ரப்பரின் விறைப்பு இக்கணக்கைச் சிறிது மாற்றுமெனினும் அடிப்படை இதுவே. எனவே பனியின்மேல் மிதக்கச் செய்வது டயரின் பருமன் அன்று. குறைந்த காற்றழுத்தமே அதனைச் செய்வது. பருமன் எதற்கெனின், அவ்வளவு குறைந்த காற்றிலும் ரிம் தரையில் இடிக்காமல் பாரத்தைத் தாங்குவதற்கு. பருத்த டயரை வாங்கி, அதிற் கல்லைப்போல் காற்றடித்து மணலில் இறங்குபவர், குடையை விரிக்காமல் கையிற் பிடித்துக்கொண்டு மழையில் நனைபவரை ஒப்பார்.

அகன்ற டயர் வண்டியை மந்தமாக்காதோ என்று சிலர் வினவலாம். கெட்டியான சாலையில் அது மந்தமே. ஆயின் இளகிய நிலத்தில், குறுகிய சக்கரம் தான் தோண்டிய குழியிலிருந்து தானே இடையறாது மேலேறிக்கொண்டிருக்கின்றது. அம்முயற்சியிலேயே ஏறுபவரின் வலிமையெல்லாம் கழிகின்றது. பருத்த டயர் அக்குழியை ஆழமாகத் தோண்டுவதில்லை. அதன் ஆதாயம் அவ்வளவே.

தெரிந்தெடுக்கும் முறை யாது? முதலாவது கேட்கவேண்டிய வினா, 'எந்த நிலத்திற்கு?' என்பதே. மிதிபட்டு இறுகிய பனித்தடத்திற்கு 4 அங்குல டயரும், 65 முதல் 80 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள ரிம்மும் போதும். புதிதாய் விழுந்த மென்பனிக்கு 4.5 முதல் 5 அங்குல டயரும், 80 முதல் 100 மில்லிமீட்டர் ரிம்மும் தகும். நான்கங்குல டயருக்கென்றே செய்த சட்டத்தில் ஐந்தங்குல டயர் நுழையாது. ஆதலின் பின்னர் மாற்றக் கருதுவோர் சட்டத்தின் இடைவெளியை முன்னரே அளந்துகொள்க.

இரண்டாவது, காலிடை அகலம். சாதாரணச் சைக்கிளில் பெடல் அச்சு அமரும் குழல் 68 அல்லது 73 மில்லிமீட்டர் அகலமுடையது. இதிலோ பெரும்பாலும் 100 மில்லிமீட்டர். ஆகவே பாதங்கள் அகன்று நிற்கும். சிலருக்கு இது சற்றும் தோன்றாது. சிலருக்கு முழங்கால் நோகும். ஆதலின் ஒரு மணி நேரமேனும் ஓட்டிப் பாராமல் வாங்குதல் தகாது.

மூன்றாவது, பிரேக். ரிம்மைக் கவ்வும் பழைய பிரேக்கு இவ்வளவு பருத்த டயரைச் சுற்றி வளைத்தல் அரிது; பனி படிந்த ரிம்மில் அது பிடிப்பதுமில்லை. ஆதலின் தட்டுப் பிரேக்கே இதற்கு ஏற்றது. கடுங்குளிரில் எண்ணெயால் இயங்கும் பிரேக்குகளிற் சில தடித்து மந்தமாகுமாதலின், அந்நாட்டார் பலர் கம்பியால் இழுக்கும் தட்டுப் பிரேக்கையே விரும்புகின்றனர்.

நான்காவது, நிறையும் கியரும். இவ்வகை டயர் ஒன்றே ஒரு கிலோவுக்கு மேற்பட்டது. நல்ல வண்டிகள் 13 முதல் 16 கிலோ வரையில் இருக்க, மலிவான எஃகு வண்டிகள் 18 கிலோவையும் கடப்பதுண்டு. மணலிலும் பனியிலும் இப்பாரத்தை உருட்டுவதற்குத் தாழ்ந்த கியர் இன்றியமையாதது. முன்கவையில் வில் அமைப்பு கட்டாயமன்று. டயரே மெத்தைபோல் அதிர்ச்சியைத் தாங்கும். ஆயினும் அம்மெத்தை துள்ளலை அடக்காது. காற்று சற்று மிகுந்துவிடின் பந்தைப்போல் எகிறும்.

நம் நாட்டுக் கடைவீதிகளிலும் இவ்வகைச் சைக்கிள்கள் வந்துள்ளன. அவற்றுட் பல, கியர் இல்லாதனவாய், நிறை மிகுந்தனவாய், தோற்றப் பொலிவு ஒன்றே கருதிச் செய்யப்பட்டவை. தார்ச்சாலையில் நாள்தோறும் விடுதிக்கும் வகுப்பிற்கும் செல்லும் மாணவருக்கு அவற்றால் வரும் இலாபம் கால்வலியேயாம். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது பழமொழி. பெற்றோரின் பொருளைச் செலவிடுமுன், நாம் செல்லும் வழி பனியோ, மணலோ, தாரோ என்று ஒருமுறை நோக்குதல் நலம். முதலிரண்டும் இல்லையெனின் சாதாரணச் சைக்கிளே நமக்கு உற்ற தோழன்.

நிற்க. ஓட்டும் முறைக்கு வருவோம். காற்றை அளந்து இடுவதே இதில் முதற் பாடம். கெட்டி நிலத்திற்குச் சதுர அங்குலத்திற்கு 15 ராத்தலளவும், இறுகிய பனிக்கு 8 ராத்தலளவும், மென்பனிக்கும் மணலுக்கும் 4 முதல் 6 ராத்தலளவும் பொதுவாகக் கொள்வர். ஏறுபவரின் நிறைக்கேற்ப இவை மாறும். ஒரு ராத்தல் வேற்றுமையும் இங்குப் பெரிதாகலின், தாழ்ந்த அழுத்தத்தைக் காட்டும் அளவுக் கருவி வேண்டும். மிகக் குறைத்துவிடின் டியூப் ரிம்மிற்கிடையே நசுங்கித் துளைபடும். கெட்டித் தரையில் ஹாண்டில்பார் நம் கைக்கு அடங்காது தானே ஒருபக்கமாகத் திரும்பும்.

இவ்விடத்திற் பௌதிக வகுப்பில் நாம் கற்ற பாடமொன்று உயிர் பெறுவதைக் காணலாம். வீட்டினுள் 20 டிகிரி சென்டிகிரேட் வெப்பத்தில் 8 ராத்தல் காற்று அடித்துக்கொண்டு ஒருவர் வெளியே செல்கின்றார். வெளியிற் பூஜ்யத்திற்குக் கீழ் 30 டிகிரி. வாயு மண்டல அழுத்தமாகிய 14.7-ஐயும் சேர்த்தால் டயரினுள் முழு அழுத்தம் 22.7 ராத்தல். அது 293-க்கு 243 என்னும் வீதத்திற் குறைந்து ஏறக்குறைய 18.8 ஆகும். 14.7-ஐக் கழிக்க, எஞ்சுவது 4.1 ராத்தலே. ஊசிமுனையளவு காற்றும் வெளியேறாதிருக்க, அளவோ பாதியாகிவிட்டது! டயரில் துளையென்று மயங்கிக் குளிரில் அதனைக் கழற்றத் தொடங்குபவர் விரல்களை இழக்கும் அபாயமுண்டு. ஆகவே, வெளியில் வண்டியைச் சிறிது நேரம் நிறுத்திய பின்னரே காற்றைச் சரிசெய்தல் வேண்டும்.

மென்னிலத்திற் செல்லும்போது இருக்கையிற் பின்தள்ளி அமர்ந்து, கைகளைத் தளர்வாக வைத்து, தாழ்ந்த கியரில் ஒரே சீராக மிதித்தல் வேண்டும். எழுந்து நின்று உதைத்தால் பின்சக்கரம் வழுக்கிப் புதையும். திருப்பத்தை அகலமாக எடுத்து, முன்பிரேக்கை மெல்லத் தொடுக. பளிங்குபோன்ற வெறும் பனிக்கட்டியில் டயரின் அகலம் துணைசெய்யாது. அங்கு உலோக முளைகள் பதித்த டயரே வேண்டும். இதனை அறியாது விழுந்து எலும்பை முறித்துக்கொள்வது எளிது.

குளிரினும் கொடியது வியர்வை. வேகமாக மிதித்து உடை நனைந்து, பின்பு நின்றுவிடின் அவ்வீரமே உடலின் சூட்டை உறிஞ்சிவிடும். ஆதலின் அனுபவமுடையோர் உடையைப் பல அடுக்காக அணிந்து, வியர்க்குமுன் ஒன்றைக் களைந்து, நிற்குமுன் அதனை அணிந்துகொள்வர். ஹாண்டில்பாரோடு பிணைத்த பெரிய உறைகளுள் கைகளை நுழைத்துக்கொள்வர். ஆற்றுப் பனியின்மேற் செல்லும்போது மற்றொரு கண்ணியுமுண்டு: அடியிலுள்ள நீர் வெடிப்பின் வழியே மேலெழுந்து, பனிக்கட்டிக்கு மேலும் வெண்பனிக்குக் கீழுமாக மறைந்து நிற்கும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்னும் மூத்தோர் சொல் அங்கு உயிர்காக்கும் சொல்லாகும். கால் நனைந்தவர், பந்தயத்தை மறந்து, உலர்ந்த காலுறையையும் தீயையும் முதலில் நாடுதல் வேண்டும்.

பிறர்க்குரிய வழியையும் நாம் மதித்தல் வேண்டும். சறுக்குக் கட்டையிற் செல்வோர்க்கென வகுத்த பள்ளத்தடங்களிற் சைக்கிளை விடலாகாது. நம் சக்கரம் ஓர் அங்குலத்திற்கு மேல் ஆழமாகத் தடம் பதிக்குமாயின், பனி இளகிவிட்டதென்று அறிந்து திரும்பிவிடுதலே முறை; அத்தடம் இரவில் உறைந்து, மறுநாள் வருவோரை இடறச் செய்யும். கடற்கரையிலோ, அலை நனைத்த இறுகிய மணலிற் சென்று, மணல்மேடுகளையும் அவற்றைப் பிணைக்கும் கொடிகளையும் பறவைக் கூடுகளையும் விலக்குக. வீடு திரும்பியதும் உப்பை நன்னீராற் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெயிடாவிடின் துரு விரைவிற் பற்றும்.

2014-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் டேனியல் பர்ட்டன் என்னும் அமெரிக்கர் இவ்வகைச் சைக்கிளில் அண்டார்க்டிக் கண்டத்தின் விளிம்பிலிருந்து தென்துருவத்தை அடைந்தார். அவருக்குச் சென்ற நாட்கள் 51. வேகத்தையே பெருமையாகக் கருதுவோர் இதனைக் கேட்டு நகைக்கலாம். ஆயின் விரைவாகச் செல்லும் வண்டிகள் ஒரு முழமும் நகரமாட்டாத இடத்தில் மெல்லச் செல்வது சிறுமையன்று. நிலம் இளகியிருக்கும்போது நம் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்துவதே முன்னேறும் வழியென்பதை இப்பருத்த டயர் நமக்கு உணர்த்துகின்றது. சைக்கிள் ஏறாதார்க்கும் இப்பாடம் பயன்படுமென்று நம்புகின்றோம்.