புதர் வெட்ட மாதம் உண்டு

கடந்த வாரம் இந்தப் பத்தியில் கண்மாய் நீரில் நிற்கும் நாரைகளைப் பார்த்தோம். இந்த வாரம் கரையேறி, முள்ளும் கல்லும் கிடக்கிற மேட்டு நிலத்துக்குப் போக வேண்டும். மதுரைத் திருநகரிலிருந்து நிலையூர்க் கண்மாய்ப் பக்கமோ கீழக்குயில்குடி சமணர்மலை அடிவாரத்துக்கோ போனால், அந்த நிலம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அரசுக் கணக்கில் அது தரிசு. அங்கேதான் பாடும் சிறு பறவைகள் குஞ்சு வளர்க்கின்றன.

ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் உண்டு. சாம்பல்தலை வானம்பாடி வெட்டவெளியில், ஒரு மண்கட்டியின் ஓரத்தில் முட்டையிடும். கருஞ்சிட்டுக்கு வரப்பு ஓட்டையோ புல்தூரோ போதும். கதிர்க்குருவி இடுப்பளவுச் செடியில் இலைகளைச் சேர்த்துத் தைக்கும். வெண்புருவச் சின்னானுக்கு வெளியிலிருந்து கண் நுழையாத முட்புதர் வேண்டும். அதன் பாட்டைக் கேட்பவர்கள் பலர், பறவையைப் பார்த்தவர்கள் சிலரே. ஆக, புல்லும் வெளியும் குட்டைச் செடியும் அடர்ந்த முள்ளும் அடுத்தடுத்துக் கலந்து கிடந்தால்தான் அது இவற்றுக்கு உதவும் புதர்க்காடு.

இந்தக் கலவையைக் கெடுத்ததில் பெரும்பங்கு சீமைக் கருவேலத்துக்கு. 1877-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மரம் அது. அடர்ந்து விட்டால் ஒரே உயரத்தில் நெருக்கி நிற்கும். அடியில் புல்லையும் பிற செடிகளையும் தலையெடுக்க விடாது. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் நடந்து, 2014-ல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, நீர்ப்பறவைகளின் கூடுகளுக்கும் இந்த மரம் கேடு என்றது.

எனவே அதை அகற்றச் சொல்வது சரிதான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2017-ல் தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டில் அந்தப் பணிக்கு இடைக்காலத் தடையும் வந்தது. 2022-ல் அயல் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்க மாநில அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது.

சிக்கல் எங்கே என்றால், எப்போது, எப்படி அகற்றுகிறோம் என்பதில். கண்மாய் வற்றும் கோடையில்தான் பொக்லைன் இறங்குகிறது. மாசி முதல் ஆனி வரையிலான அந்த மாதங்கள்தான் கருஞ்சிட்டும் கொண்டைக்குருவியும் மும்முரமாகக் கூடு கட்டும் காலம். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு கூட்டைவிட்டு வெளியேற ஒரு கொண்டைக்குருவிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் வேண்டும். எந்திரத்துக்கு ஒரு காலைப்பொழுது போதும். சீமைக் கருவேலத்தோடு நடுவில் நின்ற சூரையும் காரையும் இலந்தையும் சேர்ந்தே போகின்றன. வேரோடு பிடுங்காமல் வெட்டி மட்டும் விட்டால், மழைக்குப் பிறகு சீமைக் கருவேலமே மறுபடி துளிர்த்து எழும். நாட்டுச் செடிகள் எழ வருடங்களாகும்.

இங்கிலாந்தில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வயல்வேலிப் புதர்களை வெட்டத் தடை. ஜெர்மனியில் அந்தத் தடை செப்டம்பர் 30 வரை நீள்கிறது. நம் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற நாட்காட்டி வேறு: பெரும்பாலான கூடுகள் காலியான பிறகு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஆவணி புரட்டாசியில் வேலையை வைத்துக்கொள்ளலாம். ஒரேயடியாக மொட்டையடிக்காமல், இந்த ஆண்டு ஒரு துண்டு, அடுத்த ஆண்டு அடுத்த துண்டு என்று எடுக்கலாம். எடுத்த இடத்தில் மழையோடு குடைவேல், சங்கஞ்செடி, சூரை, காரை, ஆவாரை நட்டால் முள்ளும் கிடைக்கும், பழமும் கிடைக்கும். பழம் தின்ற சின்னான் மிச்ச விதைப்பை தானே பார்த்துக்கொள்ளும்.

இதற்கு அவசரம் உண்டு. 2023-ல் வெளியான ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்து வருகின்றன. புல்வெளி, புதர் போன்ற திறந்த நிலங்களை நம்பியவற்றுக்கு அடி பலமாக விழுந்திருக்கிறது.

இப்படிப்பட்ட நிலத்தைக் காத்ததற்கு மதுரை மாவட்டத்திலேயே முன்னுதாரணமும் இருக்கிறது. மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியின் குன்றுகளும் சுனைகளும் புதர்களும், அருகிலுள்ள மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 எக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பதிவான பறவையினங்கள் சுமார் 250. அந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனபோது ஊர்கள் திரண்டு எதிர்த்தன. 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அத்தனை பெரிய போராட்டம் திருநகர்ப் பக்கம் தேவையில்லை. காலி மனையையோ கண்மாய்க் கரையையோ சுத்தம் செய்யப் போகிறவர்கள் ஒரு காலை அங்கே நின்று பாருங்கள். வாயில் புழுவோடு ஒரு குருவி ஒரே புதருக்குத் திரும்பத் திரும்பப் போனால், உள்ளே குஞ்சு இருக்கிறது. அந்தப் புதரை மட்டுமாவது ஆவணி வரை விட்டுவையுங்கள்.