உங்களுக்குத் தெரியுமா? கடல் தாண்டும் வெள்ளைப் புறா

● ஜொகூர், மெர்சிங் படகுத்துறையிலிருந்து ராவா தீவுக்குப் போகும்போது வெண்ணிறப் பறவை ஒன்று தலைக்கு மேலே விரைந்து பறந்தால், கடற்பறவைதானே என்று விட்டுவிடாதீர்கள். அது காட்டுப்புறாவாக இருக்கலாம். மலாய்மொழியில் அதன் பெயர் 'பெர்காம் ராவா'. தீவுக்குப் பெயர் வந்ததே இந்தப் புறாவால்தான் என்பார்கள்.

● அடையாளம் எளிது. உடல் பாலாடை நிறம். பறப்புக்கான பெரிய சிறகுகளும் வால்நுனியும் கறுப்பு. நீளம் ஏறத்தாழ 40 செ.மீ.; கோயில் கோபுரத்து மாடப்புறாவைவிடப் பெரியது. 1786-இல் இயற்கையியலாளர் ஸ்கோப்போலி இதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது 'இருவண்ணம்' என்ற பொருளில்தான் வைத்தார். ஆலா என்ற கடற்பறவையும் வெள்ளைதான். ஆனால் அதன் இறக்கை ஒடுங்கியது, அலகு கூரியது, மீனுக்காக நீரில் பாயும். புறா மீனைச் சீண்டாது.

● பிறகு எதற்குக் கடல்மேல் பறக்கிறது? பழத்துக்காக! சிறு தீவுகளிலும் அலையாத்திக் காடுகளிலும் தங்கும். பழுத்த மரத்தைத் தேடித் தீவுவிட்டுத் தீவு போகும்.

● ஜாதிக்காயை முழுசாக விழுங்கும் புறா இது! கொட்டையைச் சுற்றியுள்ள ஜாதிபத்திரிதான் அதற்கு உணவு. கொட்டை சேதமில்லாமல் வெளியே வந்துவிடும். விழுங்கியது ஒரு தீவில், விழுவது இன்னொரு தீவில். மனிதன் நடாத மரங்கள் தீவுகளில் முளைப்பதற்கு இந்த வயிறும் ஒரு காரணம். எல்லாப் புறாவும் இப்படியல்ல. ஜொகூர் அலையாத்திகளில் காணும் பச்சைப்புறாவான 'புனாய்', அத்திப்பழ விதைகளை இரைப்பையிலேயே அரைத்துவிடும்.

● அந்தமான் நிக்கோபார் தீவுகளிலும் இது வாழ்கிறது. அங்குள்ள இன்னொரு தீவுப்புறாவான நிக்கோபார் புறாதான், அழிந்துபோன டோடோ பறவைக்கு இன்றுள்ள மிக நெருங்கிய உறவு என்று 2002-இல் மரபணு ஆய்வு காட்டியது.

● சுள்ளிகளை அடுக்கிய கூட்டில் பெரும்பாலும் ஒரே முட்டைதான். குஞ்சுக்குத் தாயும் தந்தையும் தொண்டைப்பையில் சுரக்கும் 'புறாப்பால்' ஊட்டும்.

அந்த ஒற்றை முட்டைக்காகவாவது, தீவுக்குப் போனால் கூட்டருகே செல்லாதீர்கள். தூரத்திலிருந்தே பாருங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.