உயிரணு என்னும் அடுக்களை

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. கண்ணுக்குப் புலனாகாத உயிரணுவின் உறுப்புக்களை அறிய, நாம் நன்கறிந்த ஓர் இடத்தை நினைத்துக்கொள்வோம். வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லத் திருமணத்தில், பந்தலின் பின்புறம் இயங்கும் சமையற்கட்டே அவ்விடம்.

சமையற்கட்டின் வாயிலில் காவலர் உண்டு. அரிசியும் பருப்பும் உள்ளே வரும். வேண்டாதவர் நுழைய இயலாது. உயிரணுவைச் சூழ்ந்த சவ்வு இக்காவலையே செய்கிறது. ஆயின் அது கற்சுவரன்று. நெகிழ்ந்தசையும் மெல்லிய கொழுப்புப் படலம்.

உள்ளே இருப்பது உட்கரு. பரம்பரைச் சமையற் குறிப்பேட்டைப் பூட்டி வைத்திருக்கும் அறை அது. ஏடு வெளியே வருவதில்லை. வேண்டிய பக்கம் மட்டும் படியெடுத்து அனுப்பப்பெறும். மூல ஏடு டி.என்.ஏ.; படி ஆர்.என்.ஏ. அப்படியைப் படித்துப் புரதம் என்னும் பண்டத்தை ஆக்கும் சமையற்காரரே ரிபோசோம்கள். ஓர் உயிரணுவில் இவர்கள் இலட்சக்கணக்கில் உளர். ஆக்கிய பண்டத்தைப் பொட்டலமாகக் கட்டிச் சேருமிடம் குறித்து அனுப்புவது கால்ஜி உறுப்பு. அடுப்பு மைட்டோகாண்ட்ரியா, உணவின் சத்தை ஆக்ஸிஜன் துணையால் படிப்படியாக எரித்து ஆற்றல் தருவது. பழம் பித்தளையை உருக்கும் கன்னாரைப் போல, பழுதான உறுப்புக்களைச் சிதைத்து மீண்டும் பயன்படச் செய்வது லைசோசோம்.

இச்சமையற்காரரின் வடிவத்தை அணுவணுவாக விளக்கியமைக்காக 2009-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு மூவருக்கு வழங்கப்பெற்றது. அவருள் ஒருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். சிதம்பரத்திற் பிறந்து பரோடாவில் வளர்ந்தவர்.

இதனால் நமக்கென்ன பயன்? பாக்டீரியாவுக்கும் ரிபோசோம் உண்டு. அதன் அமைப்பு நம்முடையதினின்று சற்றே வேறுபட்டது. ஸ்ட்ரெப்டோமைசின், எரித்ரோமைசின் போன்ற மருந்துகள் அவ்வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு பாக்டீரியாவின் சமையற்காரர் கையைக் கட்டிவிடுகின்றன. ஜலதோஷத்தை விளைக்கும் வைரஸுக்கோ சொந்தச் சமையற்காரர் இல்லை. அது காவலரை ஏய்த்து நம் அடுக்களையிற் புகுந்து, தன் குறிப்பை நீட்டி, நம் சமையற்காரரைக் கொண்டே ஆக்கிக்கொள்கிறது. ஆகவே ஜலதோஷத்திற்கு அம்மருந்துகளை உண்பதால் பயனில்லை; தீங்கே உண்டு. வீணே உண்ணுந்தோறும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பிழைத்துப் பெருக நாமே இடமளிக்கிறோம். மருத்துவர் எழுதித் தராதபோது அவற்றை வாங்காதிருத்தலும், எழுதித் தந்தால் அவர் சொன்னவாறே உண்ணுதலும் நம் கடமையாகும்.