கட்டைவிரலில் மெட்டு

எலிசபெத் காட்டன் கிட்டார் வாசிப்பதைக் காணொளியில் முதல்முறை பார்க்கிறவர்களுக்கு, எதையோ மாற்றிச் செய்கிறாரே என்று தோன்றும். அவர் இடக்கைக்காரர். வலக்கைக்காரர்களுக்குக் கம்பி கட்டிய கிட்டாரை அப்படியே திருப்பிப் பிடித்துக்கொண்டார். கனத்த கம்பிகள் கீழே போய்விட்டன. மற்றவர்கள் கட்டைவிரலால் மீட்டும் அடிச்சுரத்தை அவர் விரல்கள் மீட்டும்; மெட்டைக் கட்டைவிரல் பார்த்துக்கொள்ளும். நான் கிட்டார் சொல்லித்தருபவன். இடக்கைப் பிள்ளை யார் வந்தாலும் முதலில் இவரைத்தான் போட்டுக் காட்டுவேன்.

அமெரிக்காவின் வட கரோலினாவில், சேப்பல் ஹில் பக்கம், 1893-இல் பிறந்த கறுப்பினப் பெண். அண்ணன் வெளியே போன நேரம் பார்த்து அவருடைய பாஞ்சோவை எடுத்துத் தானாகவே பழகினார். சிறு வயதிலேயே வீட்டுவேலைக்குப் போய்ச் சேர்த்த காசில், 3.75 டாலருக்கு ஒரு கிட்டார் வாங்கினார். வீட்டருகே ஓடிய சரக்கு ரயிலை வைத்து ‘ஃபிரைட் டிரெயின்’ பாட்டைக் கட்டியபோது வயது 11, 12 இருக்கும். பிறகு கல்யாணம், குழந்தை. தேவாலயத்தில் அந்தப் பாட்டெல்லாம் வேண்டாம் என்றார்கள். வாசிப்பு நின்றது.

பல பத்தாண்டுகள் கழித்து, வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தபோது, வழிதவறிய சிறுமி ஒருத்தியைத் தாயிடம் சேர்த்தார். சிறுமி பெகி சீகர். தாய், இசையமைப்பாளர் ரூத் கிராஃபோர்ட் சீகர். அந்த வீட்டுக்கே வேலைக்குப் போனார். அங்கிருந்த கிட்டாரை எடுத்து வாசித்தபோதுதான் வீட்டாருக்கு விஷயம் தெரிந்தது. மகன் மைக் சீகர் ஒலிப்பதிவு செய்ய, 1958-இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் இசைத்தட்டாக வந்தது. அப்போது காட்டனுக்கு 65 வயது.

அதற்குள் பெகி மூலம் இங்கிலாந்து போன ‘ஃபிரைட் டிரெயின்’, வேறு இருவர் பெயரில் பதிவாகி 1957-இல் அங்கே சக்கைப்போடு போட்டது. கட்டியவரோ அடுத்தவர் வீட்டு வேலையில் இருந்தார். எனக்கு மனசு ஆறாத இடம் இது. சட்டப்படி கேட்ட பிறகுதான் அவர் பெயர் சேர்ந்தது.

1985-இல் கிராமி விருது பெற்றார், 1987-இல் இறந்தார். அவருடைய விரல்முறையைக் கிட்டார்காரர்கள் இன்றும் ‘காட்டன் பிக்கிங்’ என்றே சொல்கிறார்கள்.

கேட்க நினைப்பவர்கள், பிறர் பாடியதையெல்லாம் பிறகு வைத்துக்கொண்டு, அந்த 1958 பதிவிலிருந்து தொடங்குங்கள்.