காம்ஃப்ரி: மாட்டுக்கு அல்ல, மண்ணுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சிறந்த தீவனம் என்று புகழப்பட்ட செடி ரஷ்யக் காம்ஃப்ரி. இன்று அங்கே இது தழை உரத்துக்காகவே பெரிதும் வளர்க்கப்படுகிறது. 1950-களில் லாரன்ஸ் ஹில்ஸ் என்பவர் எஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள பாக்கிங் என்ற ஊரில் பல வகைகளை வளர்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த 'பாக்கிங் 14' இதற்கு ஏற்ற ரகம்.

நடவு: இந்த ரகம் விதை பிடிக்காது. வேர்த்துண்டுகளையே நட வேண்டும். களை நீக்கிய நிலத்தில் 2 அங்குல ஆழத்தில், 2 முதல் 3 அடி இடைவெளி விட்டு, வசந்த காலத்தில் நடலாம். மண்ணில் தங்கும் சிறு வேரும் மீண்டும் துளிர்க்கும். ஆகவே, நிலையான ஓர் இடத்தை ஒதுக்குவது நல்லது.

அறுவடை: முதல் ஆண்டில் பூந்தண்டுகளை மட்டும் கிள்ளிவிட வேண்டும். அடுத்த ஆண்டு முதல், தரையிலிருந்து 2 அங்குலம் விட்டு, ஆண்டுக்கு நான்கு முறை வரை அறுக்கலாம்.

பயன்: தழையில் சாம்பல் சத்து மிகுதி. வாடிய தழையை உருளைக்கிழங்கு சாலில் இட்டு மூடலாம். பீப்பாயில் அழுகவைத்து வடித்த சாற்றை, நீர் கலந்து தக்காளிக்கு ஊற்றலாம்.

எச்சரிக்கை: காம்ஃப்ரியில் கல்லீரலைக் கெடுக்கும் நச்சுப்பொருள் உண்டு. உள்ளுக்குச் சாப்பிடும் காம்ஃப்ரி பொருள்களை விற்பனையிலிருந்து விலக்குமாறு 2001-ல் அமெரிக்க அரசு அறிவுறுத்தியது. தழை செழிப்பாக இருக்கிறதே என்று மாட்டுக்குப் போடக்கூடாது. மண்ணுக்குப் போட்டால் போதும்.