கிருமியைக் கொல்லும் புரதம் நம்மையும் கொல்லுமா?

மாமியின் காலில் முள் குத்தியது. சீனி வருத்தக்காரி. "இதெல்லாம் ஒரு காயமா பிள்ளை?" என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டார். நானும் வீட்டு வேலைகளில் மறந்துபோனேன். ஐந்தாம் நாள் சீழ் பிடித்து, காய்ச்சலும் நடுக்கமும் வந்தன. என்னையே பார்த்து "நீ ஆர்?" என்று அவர் கேட்டபோதுதான் பதறியடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம்.

"கிருமி இரத்தத்தில் பரவிவிட்டது. அதோடு சண்டைக்குப் போன அவவின் உடம்பே இப்போது அவவையும் தாக்குகிறது" என்றார் வைத்தியர். எனக்கு விளங்கவில்லை. பிறகு தேடி வாசித்தேன்.

நமது கலங்களின் கருவுக்குள் ஏறத்தாழ 2 மீற்றர் நீள டீ.என்.ஏ. இழை இருக்கிறது. நூற்கட்டைபோல அதைச் சுற்றி வைத்திருப்பவை ஹிஸ்டோன் எனும் புரதங்கள். உள்ளே இருக்கும்வரை அவை சாதுவானவை. 2004 இல் பேர்லின் மக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். சில வெண்குருதிக் கலங்கள் கிருமியைக் கண்டதும் தமது டீ.என்.ஏ.யையே வலையாக வெளியே வீசுகின்றன. பெரும்பாலும் தாமும் மடிகின்றன. வலையில் ஒட்டியிருக்கும் ஹிஸ்டோன், பற்றீரியாவின் மென்சவ்வில் பற்றி அதைச் சிதைக்கிறது. நாம் அருவருக்கும் சீழிலே இந்த வலைகளும் கிடக்கின்றன!

ஆனால் ஹிஸ்டோனுக்குக் கிருமி எது, நம் கலம் எது என்ற வேறுபாடு தெரியாது. இரத்தத்தில் அது மிகுந்தால் குருதிக்குழாய்களின் உட்சுவர்க் கலங்களும் சிதைகின்றன. குருதி கண்டபடி உறைகிறது. சிறுநீரகமும் நுரையீரலும் பழுதாகின்றன. 2009 இல் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில், ஹிஸ்டோனைத் தடுக்கும் பிறபொருளெதிரியைச் செலுத்தியபோது சாகவேண்டிய சுண்டெலிகள் பிழைத்தன. மனிதருக்கு அப்படியொரு மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஆகவே காலத்தோடு போய் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பெறுவதே வழி.

சீனி வருத்தம் உள்ளவர்களின் வெண்குருதிக் கலங்கள் இந்த வலையை எளிதில் வீசிவிடுகின்றன என்றும், அதனாலும் புண் ஆறத் தாமதிக்கிறது என்றும் 2015 இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. மஞ்சளைக் குறை சொல்லவில்லை, சகோதரிகளே. நான் தவறவிட்டது நாட்களை. காயத்தோடு காய்ச்சல், வேகமான மூச்சு, சிறுநீர் குறைதல், பேச்சுத் தடுமாற்றம் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாதாம்.

மாமி பதினேழு நாட்களின் பின் வீடு வந்தார், இரண்டு கால்விரல்களை இழந்து. இப்போது இரவில் டோர்ச் அடித்து அவரது பாதங்களைப் பார்க்கிறேன். முதலில் கூச்சப்பட்டார். இப்போது படுக்குமுன் தானாகவே காலை நீட்டுகிறார்.