டாக்சியில் நடந்த வன்முறைக்கு நட்டஈடு கேட்கலாமா?

வெள்ளி, சனி இரவுகளில் நம் பிள்ளைகள் வீடு திரும்பும் விதம் மாறிவிட்டது. முன்பு அப்பாவோ அண்ணாவோ காரோடு போய் நின்றார்கள். இன்று கைத்தொலைபேசியில் இரண்டு தட்டு தட்டினால் டாக்சி வாசலுக்கு வருகிறது. அநேகமான பயணங்கள் பத்திரமாகவே முடிகின்றன. நம் உறவுகளிலும் இரவிரவாக டாக்சி ஓட்டிக் குடும்பத்தைத் தாங்குகிற மாமாமார் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரு சில பயணங்கள் அப்படி முடிவதில்லை. சாரதியால் பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவர் என்ன செய்யலாம்?

பொலிஸில் முறைப்பாடு செய்யலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அப்பால் நட்டஈடு கேட்கும் உரிமையும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், “இதற்குப் போய்க் காசு கேட்பதா?” என்று தயங்குகிறார்கள். தாதியராக வேலை செய்யும் நாங்கள் இந்த இரண்டையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம். நாங்கள் சட்டத்தரணிகள் அல்ல. ஆனால் எந்தக் கதவை எப்போது தட்ட வேண்டும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது எங்கள் வேலையின் ஒரு பகுதி.

டெல்லியில் நடந்தது

2014 டிசம்பர் 5ஆம் திகதி இரவு, டெல்லியில் ஊபர் செயலி வழியாக வாகனம் அழைத்த ஓர் இளம் பெண்ணைச் சாரதி பாலியல் வன்முறைக்கு உட்படுத்தினான். அடுத்த சில நாட்களில் டெல்லி அரசு ஊபர் சேவையைத் தடை செய்தது. அந்தச் சாரதி முன்பே குற்றச்சாட்டுகளைச் சந்தித்தவன் என்பது பின்னர் வெளிவந்தது. 2015 நவம்பரில் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்தப் பெண் அதோடு நிற்கவில்லை. 2015 ஜனவரியில் ஊபரின் தலைமையகம் இருக்கும் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவனத்தின் மீதே சிவில் வழக்குப் போட்டார். சாரதியின் பின்னணியைச் சரியாகப் பார்க்காமல் அவனைத் தெருவில் விட்டது நிறுவனத்தின் கவனக்குறைவு என்பதே அவர் வாதம். பயணியின் ஒப்பந்தம் நெதர்லாந்தில் உள்ள தன் துணை நிறுவனத்தோடு மட்டுமே, ஆகவே அமெரிக்க நிறுவனத்தின் மீது வழக்குப் போட முடியாது என்று ஊபர் பதில் சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது.

2017 ஜூனில் அவர் மீண்டும் நீதிமன்றம் போக வேண்டி வந்தது. நிறுவனத்தின் உயர் அதிகாரிகள் தன் மருத்துவ அறிக்கைகளைப் பெற்றுத் தங்களுக்குள் பகிர்ந்தார்கள் என்பது இந்த முறை அவருடைய முறைப்பாடு. அந்த வழக்கும் அவ்வாண்டு டிசம்பரில் சமரசமானது. வன்முறை செய்தவனைத் தண்டிப்பது அரசின் வேலை. தனக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடு கேட்பதும், தன் அந்தரங்கத்தைக் காப்பதும் அந்தப் பெண்ணின் தனி உரிமை. இரண்டும் வெவ்வேறு பாதைகள். ஒன்றில் போனால் மற்றது அடைபடுவதில்லை.

டென்மார்க்கில் யார் பொறுப்பு?

ஊபர் 2014 நவம்பரில் கோப்பன்ஹேகனுக்கு வந்தது. அப்போது சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் ஓட்டினார்கள். கட்டண மீட்டர், இருக்கை உணரி, கண்காணிப்புக் கமரா ஆகியவற்றைக் கட்டாயமாக்கும் புதிய டாக்சிச் சட்டம் வருவதை முன்னிட்டு 2017 ஏப்ரல் 18ஆம் திகதி அது இங்கிருந்து வெளியேறியது. 2025 தொடக்கத்தில் டான்டாக்சியோடு கூட்டுச் சேர்ந்து திரும்பி வந்தது. ஆகவே இன்று எந்தச் செயலியில் அழைத்தாலும் வர வேண்டியது உரிமம் பெற்ற டாக்சிதான். சாரதிக்கு அனுமதி அட்டை வேண்டும். வாகனத்துக்கு உரிமம் பெற்ற ஒரு முதலாளி இருப்பார். பயணங்களைப் பதிவு செய்யும் ஓர் அலுவலகமும் இருக்கும்.

இந்த முதலாளி பொறுப்பேற்க வேண்டுமா? தொழிலாளி வேலையில் செய்யும் தவறுக்கு முதலாளி பொறுப்பு என்ற விதி, ஐந்தாம் கிறிஸ்தியான் மன்னர் 1683இல் பிறப்பித்த டேனிஷ் சட்டத்தில் இருக்கிறது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியதற்கு 23 வருடங்கள் முந்திய அந்த விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத கொடுஞ்செயலுக்கு முதலாளியை இந்த விதியால் பிடிப்பது கடினம். பாலியல் வன்முறை பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியேதான் விழும். முதலாளியே தவறு செய்திருந்தால் கதை வேறு. முன்பே முறைப்பாடுகள் வந்தும் அந்தச் சாரதியைத் தொடர்ந்து ஓட விட்டார் என்று காட்ட முடிந்தால், அது அவருடைய சொந்தக் கவனக்குறைவு. ஆகவே, “நிறுவனத்தின் மீது வழக்குப் போடலாமா?” என்ற கேள்வியைச் சட்டத்தரணியிடம் கட்டாயம் கேளுங்கள். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். இங்கே அதைவிட உறுதியான வழிகள் உண்டு.

முதல் மூன்று நாட்கள்

எல்லா வழிகளுக்கும் அடித்தளம் முதல் மணித்தியாலங்களில் போடப்படுகிறது. ஆபத்தில் இருந்தால் 112. அவசரமில்லாத பொலிஸ் தொடர்புக்கு 114. கோப்பன்ஹேகன் ரிக்ஸ்ஹொஸ்பிடாலிலும் ஓர்ஹூஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையிலும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான மையங்கள் உள்ளன. வேறு பெரிய வைத்தியசாலைகளிலும் இப்படியான பிரிவுகள் உண்டு. அங்கே போகப் பொலிஸ் முறைப்பாடு தேவையில்லை. தடயங்களை எடுத்து வைத்துவிட்டு, முறைப்பாடு செய்வதா என்று பிறகு யோசிக்கலாம். எவ்வளவு காலம் அவற்றை வைத்திருப்பார்கள் என்று அங்கேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குளிக்காமல், உடுப்பைத் தோய்க்காமல் வருவது நல்லது. குளித்துவிட்டீர்கள் என்றாலும் வாருங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசர கருத்தடை மாத்திரை எவ்வளவு விரைவாக எடுக்கப்படுகிறதோ அவ்வளவு நல்லது. பயணத்தின் ரசீது, செயலியில் உள்ள பயண விபரம், வாகன இலக்கம், குறுஞ்செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். டாக்சியின் கமராப் பதிவுகள் காலவரையின்றி வைத்திருக்கப்படுவதில்லை. முறைப்பாடு செய்ய முடிவெடுத்தால், அவற்றை உடனே கைப்பற்றும்படி பொலிஸிடம் கேட்க வேண்டும்.

“ஏன் கத்தவில்லை, ஏன் இறங்கி ஓடவில்லை?” என்ற கேள்விக்கு ஒரு வார்த்தை. பயத்தில் உடல் உறைந்துபோவது எங்களுக்கு நன்கு தெரிந்த உடலியல் எதிர்வினை. அது அவர் தெரிந்தெடுத்த ஒன்று அல்ல. “மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி” என்ற நம் பழமொழிக்கு இந்த நாட்டுச் சட்டத்தில் இடமில்லை. 2021 ஜனவரி 1 முதல் டென்மார்க்கில் சம்மதம் இல்லாத உடலுறவு வன்புணர்வுதான். அவர் எதிர்த்துப் போராடியிருக்க வேண்டிய அவசியமில்லை.

முதல் வழி: குற்ற வழக்குக்குள்ளேயே

முறைப்பாடு செய்பவருக்கு ‘பிஸ்டான்ஸ் அட்வொகாட்’ எனப்படும் துணைச் சட்டத்தரணி நியமிக்கப்படுவார். செலவு அரசுடையது. பொலிஸ் விசாரிக்கும் முன்பே அவரோடு தனியே பேசலாம். டேனிஷ் சரளமாக வராவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மகனையோ தங்கையையோ மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவர்கள் முன்னால் சொல்ல முடியாதவை இருக்கும்.

அந்தச் சட்டத்தரணி நட்டஈட்டுக் கோரிக்கையைக் குற்ற வழக்கிலேயே சேர்த்துவிடுவார். தனி வழக்கு வேண்டாம். மானத்துக்கும் மனதுக்கும் நேர்ந்த காயத்துக்கான தொகை, நோயுற்ற நாட்களின் வேதனைக்கான தொகை, இழந்த சம்பளம், சிகிச்சைச் செலவு, நிரந்தரப் பாதிப்பு எல்லாம் இதில் அடங்கும். ஆகவே குடும்ப வைத்தியரிடம் போன திகதி, வேலைக்குப் போக முடியாத நாட்கள், உளவியலாளருக்குக் கட்டிய பணம் எல்லாவற்றுக்கும் கடதாசி வைத்திருங்கள். வன்முறைக்கு ஆளானவர் குடும்ப வைத்தியரின் சிபாரிசோடு உளவியலாளரிடம் போனால், செலவில் 60 வீதத்தைப் பிராந்திய நிர்வாகம் தருகிறது. மீதிக்கான ரசீதும் கோரிக்கையில் சேரும்.

பொலிஸ் வழக்கை இடையில் மூடிவிட்டால், 4 வாரங்களுக்குள் மேல்நிலை அரச வழக்கறிஞர் அலுவலகத்துக்கு மேன்முறையீடு செய்யலாம்.

இரண்டாவது வழி: அரசின் நட்டஈடு

குற்றவாளி பிடிபடவில்லை, அல்லது பிடிபட்டும் கையில் பணம் இல்லை என்றால்? அதற்குத்தான் ‘எர்ஸ்டாட்னிங்ஸ்நெவ்னெட்’ என்னும் நட்டஈட்டுச் சபை இருக்கிறது. வன்முறைக் குற்றத்துக்கு ஆளானவருக்கு அரசே பணம் கொடுத்துவிட்டு, அதைக் குற்றவாளியிடம் அறவிடுகிறது. நீதிமன்றம் ஒரு தொகையைத் தீர்ப்பளித்திருந்தால் சபை அந்தத் தொகையைக் கொடுக்கும்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் முக்கியம். குற்றம் வீண் தாமதமின்றிப் பொலிஸுக்கு அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். வழக்கு நடந்தால் அதில் நட்டஈடு கேட்டிருக்க வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் சபை விதியைத் தளர்த்தலாம். ஆகவே, “நாள் போய்விட்டது” என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். விண்ணப்பத்துக்குப் பொதுவாக 2 வருடக் கெடு உண்டு. அதை மனதில் வைத்துச் சட்டத்தரணியிடம் விரைவில் கேளுங்கள்.

மூன்றாவது வழி: தனி வழக்கும் காப்புறுதியும்

சாரதி மீதோ முதலாளி மீதோ தனியாகச் சிவில் வழக்கும் போடலாம். பணக் கோரிக்கைகளுக்குப் பொதுவான காலவரம்பு 3 வருடங்கள். தோற்றால் எதிர்த்தரப்பின் செலவும் தலையில் விழலாம் என்பதால் ஆலோசனை இல்லாமல் இறங்க வேண்டாம். வருமானம் குறைந்தவர்கள் அரசின் இலவச வழக்கு உதவிக்கு விண்ணப்பிக்கலாம். நூலகங்கள் போன்ற இடங்களில் சட்டத்தரணிகள் இலவசமாக ஆலோசனை தரும் மாலை நேரங்களும் உண்டு.

நாம் அடிக்கடி மறப்பது வீட்டுப் பொருட்களுக்கான காப்புறுதி. பல குடும்பங்கள் மாதா மாதம் கட்டும் அந்தக் காப்புறுதியில் சிவில் வழக்குச் செலவுக்கான உதவி பொதுவாக அடங்கும். சிலவற்றில் தாக்குதலுக்கு ஆளானால் கிடைக்கும் நட்டஈடும், அவசர உளவியல் உதவியும் இருக்கும். வீட்டில் வாழும் பிள்ளைகளும் அதில் சேரலாம். இன்றே பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

யாருக்குத் தெரிய வரும்?

டெல்லிப் பெண்ணின் இரண்டாவது வழக்கு எங்கள் தொழிலை நேரே தொடுகிறது. டென்மார்க்கில் தாதிக்கும் வைத்தியருக்கும் இரகசியம் காப்பது சட்டக் கடமை. 18 வயது நிறைந்தவரைப் பற்றி அவருடைய அனுமதியின்றிப் பெற்றோரிடமும் நாங்கள் பேச முடியாது. சபையில் தெரிந்த தாதி ஒருவர் அதே வைத்தியசாலையில் வேலை செய்கிறார் என்று பயப்பட வேண்டாம். சிகிச்சையில் பங்கில்லாதவர் உங்கள் கோவையைத் திறப்பது சட்ட மீறல். யார் திறந்தார்கள் என்ற பதிவை அரசின் சுகாதாரத் தளத்தில் உங்கள் அடையாளத்தோடு நுழைந்து நீங்களே பார்க்கலாம்.

18 வயதுக்கு உட்பட்டவர்களின் நிலை வேறு. 15 வயதிலிருந்து சிகிச்சைக்குத் தாமே சம்மதம் தரலாம். ஆனாலும் பெற்றோருக்கு வழமையாகத் தகவல் போகும். பிள்ளைக்கு வன்முறை நேர்ந்ததை அறிந்தால் கொம்யூனுக்கு அறிவிக்க வேண்டிய கடமையும் எங்களுக்கு உண்டு. இதை நாங்கள் மறைத்துச் செய்வதில்லை. முதலில் அந்தப் பிள்ளையிடமே சொல்லுவோம்.

காசு வாங்குவது தப்பா?

“காசுக்காகச் சொல்கிறாள் என்பார்கள்” என்ற பயம் நம் வீடுகளில் பெரியது. காரில் மோதிக் கால் முறிந்தவர் நட்டஈடு வாங்கும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. தூங்க முடியாத இரவுகளும், இழந்த பரீட்சையும், விட்ட வேலையும் அதேபோல உண்மையான இழப்புகள். நட்டஈடு மானத்துக்கு விலை அல்ல. இழப்பின் சுமையை அதற்குக் காரணமானவன் பக்கம் திருப்புவதுதான் அது.

2 சாமுவேல் 13இல் தாமாருக்கு நேர்ந்ததை வாசித்திருப்போம். அவளுடைய அண்ணன் அவளை மௌனமாயிருக்கச் சொன்னான். தகப்பன் தாவீது கோபப்பட்டார். ஆனால் ஒன்றும் செய்யவில்லை. அவள் அண்ணன் வீட்டில் பாழாய்க் கிடந்தாள். அந்த வீட்டில் அவளுடைய விருப்பம் என்ன என்று கேட்டவர் எவரும் இல்லை.

பெற்றோரே, உங்கள் மகளோ மகனோ இப்படி ஒன்றைச் சொல்ல வந்தால், நேரம் கெட்ட நேரத்தில் ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். “நான் நம்புகிறேன். நீ சொன்னது நல்லது” என்று சொல்லுங்கள். வைத்தியசாலைக்குக் கூடப் போங்கள். முறைப்பாடு செய்வதா, நட்டஈடு கேட்பதா என்ற முடிவை அவரிடமே விடுங்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால், குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான ஆலோசனைச் சேவையை 116 006 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வாலிபரே, இந்த இலக்கத்தை இப்போதே உங்கள் கைத்தொலைபேசியில் சேர்த்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், பக்கத்தில் இருக்கும் நண்பிக்கு ஒரு நாள் தேவைப்படலாம்.